பணிக்கொடையில் பிடித்தம் செய்த வழக்கும் தம்புச் செட்டித் தெரு வழக்கறிஞர் அலுவலகமும்

விழுப்புரம் மாவட்டத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து உதவியாளராக ஓய்வு பெற்ற எனக்கு, ஓய்வு பெற்ற மூன்றாம் மாதத்தில், பணிக்கொடையிலிருந்து (ஓய்வின்போது மொத்தமாகத் தரும் தொகையிலிருந்து) 1,84,000 ரூபாயைப் பிடித்தம் செய்யும் ஆணை வந்தது. பத்தாண்டுப் பணி முடித்தபோது வழங்கிய தேர்வுநிலை ஊதியம் தவறாக நிர்ணயிக்கப்பட்டது என்று கணக்குத் தணிக்கையில் ஆட்சேபணை (தணிக்கைத் தடை) எழுந்ததாம். விளக்கம் கேட்டு ஒரு கடிதம்கூட அதற்கு முன் எனக்கு வரவில்லை.

நண்பர் ஒருவர் சொல்லித்தான் சென்னை உயர் நீதிமன்றத்திற்கு எதிரே, தம்புச் செட்டித் தெருவின் மாடி ஒன்றில் இருக்கும் இந்த அலுவலகத்திற்குப் போனேன். மூத்த வழக்கறிஞர் முன்பு அரசுத் தரப்பில் வாதாடியவர். அவருடன் தலைமைச் செயலகத்தில் சார்புச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் அமர்ந்து கோப்புகளைப் பார்க்கிறார். இவர்களுக்கு அரசில் செல்வாக்கு இருக்கும் என்ற எண்ணத்தில்தான் நானும் போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. துறையில் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டபோது, “அது எங்கள் வேலை அன்று, ஐயா. உங்கள் பணிப்பதிவேட்டைக் கொடுங்கள்” என்றார் அந்த ஓய்வு பெற்ற அதிகாரி.

பணிப்பதிவேட்டின் நகலை அவர் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஊதிய நிர்ணயப் பதிவில் என் கையெழுத்து எங்கும் இல்லை என்பதைப் பென்சிலால் குறித்துக்கொண்டார். பிறகு, கூடுதலாகப் பெற்றால் திருப்பித் தருவேன் என்று எப்போதாவது உறுதிமொழி எழுதிக் கொடுத்தீர்களா என்று இருமுறை கேட்டார். அந்தக் கேள்வியின் காரணம் பின்னர்தான் விளங்கியது. பணியாளரின் தவறு ஏதுமின்றிக் கூடுதலாக வழங்கிய ஊதியத்தை, எழுத்தர், உதவியாளர், அலுவலக உதவியாளர் போன்ற மூன்றாம், நான்காம் நிலைப் பணியாளர்களிடமிருந்தும் ஓய்வு பெற்றவர்களிடமிருந்தும் பிடித்தம் செய்யக் கூடாது என்று ரஃபீக் மசீஹ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் கூறியது. ஆனால் உறுதிமொழி கொடுத்திருந்தவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்று 2016இல் ஜக்தேவ் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் கூறியிருக்கிறது. அப்படி ஓர் உறுதிமொழித் தாள் இருந்தால் என் வழக்கே தோற்றுவிடலாம் என்பதை முதல் நாளே கண்டுகொண்டதுதான் இவர்களுடைய அரசுப் பணி அனுபவத்தின் பயன்.

அரசமைப்புச் சட்டத்தின் 226ஆவது பிரிவின் கீழ் ஆணையை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்தார்கள். முன்னறிவிப்பு தராமல் பிடித்தம் செய்தது இயற்கை நீதிக்கு, அதாவது பாதிக்கப்படுபவரின் விளக்கத்தைக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும் என்ற நெறிக்கு, முரணானது என்ற வாதத்தையும் மனுவில் சேர்த்திருந்தார்கள். பதினான்கு மாதங்களில் ஆணை ரத்தானது. தொகை கைக்கு வர மேலும் ஐந்து மாதங்கள் ஆயின. அதற்கும் நீதிமன்ற அவமதிப்பு அறிவிப்பு அனுப்ப வேண்டியிருந்தது.

குறைகளும் உண்டு. வழக்கு பட்டியலில் வரும் நாளை இவர்களாகச் சொல்வதில்லை. நான்தான் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தேன். கட்டணம் 25,000 ரூபாய் என்று பேசியபோது, தட்டச்சுக்கும் நகல்களுக்கும் தனியே நாலாயிரம் ரூபாய் தர வேண்டும் என்று சொல்லவில்லை. ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருப்பவருக்கு அந்த நாலாயிரம் பெரிய தொகை. போகிறவர்கள் அதை முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணிப்பதிவேட்டின் முழு நகலையும், ஊதிய நிர்ணயத்தின்போது கையெழுத்திட்ட தாள் ஏதேனும் இருந்தால் அதையும் மறைக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.