இப்பவே கிளம்பணுமா, விடியட்டுமா?

கிருஷ்ணகிரியில் ராத்திரி பதினொரு மணிக்கு நாய் வாந்தி எடுத்தால் முதலில் வரும் கேள்வி, கால்நடை மருத்துவமனையைத் தேடி ஓசூர் பக்கமோ பெங்களூருக்கோ இப்பவே வண்டியை எடுக்கணுமா, விடியட்டும் என்று இருக்கலாமா என்பதுதான். ஒரே தடவை எடுத்துவிட்டு வாலாட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்கிறது, ஈறும் இளஞ்சிவப்பாக இருக்கிறது என்றால், சரி, விடியட்டும். லேசான நொண்டலும் அப்படித்தான் (குட்டிகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது, சீக்கிரம் துவண்டுவிடும்). அதுவரை வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

ஆனால் மாம்பழ சீசனில் கொட்டையை முழுங்கிய நாய் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் அது வேறு கதை, கொட்டை குடலை அடைத்திருக்கலாம், அறுவை சிகிச்சை வரை போகும். வயிறு உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வெளியே வரவில்லையா? இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். ஆண் பூனை முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வராதபோது மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் தேடுகிறோம், வேண்டாம், கிளம்புங்கள். 5 நிமிடம் தாண்டிய வலிப்பு, வெளுத்த ஈறு, பாம்புக்கடி, மூச்சுத்திணறல் இதற்கெல்லாம் யோசிக்கவே வேண்டாம். அப்புறம், புறப்படும்போதே மருத்துவமனைக்குப் போன் செய்து திறந்திருக்கிறார்களா என்று கேளுங்கள், பூட்டிய கதவு முன்னால் நாயைத் தூக்கிக்கொண்டு நின்றவன் நான்.