லாயத்துத் தரையில் எதை விரிப்பது: வைக்கோலா, மரச்சீவலா, தென்னை நார்க்கழிவா, மணலா, ரப்பரா?

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தையில் குதிரை வாங்க வருகிறவர்கள் சுழி பார்க்கிறார்கள், பல்லைப் பிடித்து வயது பார்க்கிறார்கள், ஓட்டிக் காட்டச் சொல்லி நடை பார்க்கிறார்கள். வாங்கிய குதிரை எந்தத் தரையில் நிற்கப்போகிறது என்ற கேள்வி, பெரும்பாலும் அது வண்டியிலிருந்து இறங்கிய பிறகுதான் எழுகிறது. மாடு நின்ற சிமெண்டுத் தரையே போதும் என்று கட்டிவிடுகிறார்கள். சில மாதங்களில் குளம்பு அழுகுகிறது அல்லது இருமல் தொடங்குகிறது. எங்களுக்கு லாடம் அடிக்க வருகிற பெரியவர் எந்த லாயத்துக்குப் போனாலும், "மொதல்ல தரையக் காட்டுங்க, அப்பறம் காலப் பாக்கலாம்" என்றுதான் சொல்வார். அவர் சொல்வதன் நியாயம் எனக்குப் புரியச் சில ஆண்டுகள் ஆயின.

படுக்கைப் பொருள்களை ஒப்பிடுவதற்கு முன், குதிரைக்குப் படுக்கை ஏன் தேவை என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். குதிரை நின்றபடியே கண்ணயரும் என்பது உண்மைதான். அதன் கால் மூட்டுகள் அதிக உழைப்பின்றித் தாமாகப் பூட்டிக்கொள்ளும் அமைப்புடையவை. ஆனால் ஆழ்ந்த கனவுத் தூக்கம் படுத்தால்தான் வரும். ஒரு நாளில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரையாவது அந்தத் தூக்கம் அதற்கு வேண்டும். தரை கடினமாகவோ ஈரமாகவோ இருந்தால் குதிரை படுக்க மறுக்கும். பல நாள் படுக்காத குதிரை நின்ற இடத்திலேயே திடீரென முன்னங்கால் மடங்கிச் சரியும். முன்னங்காலின் கணு முட்டியில் காரணம் தெரியாத சிராய்ப்பு அடிக்கடி தென்பட்டால், அந்தக் குதிரை எங்கே படுக்கிறது, படுக்கிறதா என்று முதலில் கவனியுங்கள்.

அடுத்தது ஈரம். 450 கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 14 கிலோ லத்தி போடும், 9 லிட்டர் சிறுநீர் கழிக்கும். அந்தச் சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது எழும் அம்மோனியா தரைமட்டத்தில்தான் அடர்த்தியாக இருக்கும். நாம் நிற்கும் உயரத்தில் நெடியே இல்லையென்று தோன்றினாலும், விடியற்காலையில் லாயத்துக்குள் மண்டியிட்டு, படுத்திருக்கும் குதிரையின் மூக்கு இருக்கும் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோய் ஒரு நிமிடம் இருந்து பாருங்கள். கண் எரிந்தால் அந்தப் படுக்கை தோற்றுவிட்டது என்று பொருள். எந்தப் பொருளானாலும் நான் வைக்கும் முதல் சோதனை இதுதான்.

நெல் வைக்கோல் நமக்குக் கைக்கெட்டும் பொருள். விலை குறைவு, மெத்தென்று இருக்கும், குதிரைகள் அதில் விரும்பிப் படுக்கும். ஆனால் எல்லா வைக்கோலும் ஒன்றல்ல. தை, மாசியில் சம்பா அறுவடையில் காய்ந்து வரும் வைக்கோலும், மழையில் நனைந்து கட்டப்பட்ட குறுவை வைக்கோலும் கட்டாகப் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். கட்டைப் பிரித்து உதறினால் பின்னதிலிருந்து சாம்பல் நிறப் புகைபோலப் பூஞ்சைத் தூசி எழும். அதைத் தொடர்ந்து சுவாசிக்கும் குதிரைக்கு மனிதரின் ஆஸ்துமாவை ஒத்த மூச்சிரைப்பு வரும். அது ஒருமுறை வந்துவிட்டால், முற்றிலும் குணமாவதை எதிர்பார்க்க முடியாது. தூசியைத் தவிர்த்தே காலம் முழுவதும் காப்பாற்ற வேண்டும். இன்னொரு குறை, குதிரை தன் படுக்கையையே தின்பது. நெல் வைக்கோலில் சிலிக்காவும் ஆக்சலேட்டும் மிகுதி, சத்தோ குறைவு. பசித்த குதிரை அதை வயிறு நிறையத் தின்றுவிட்டுத் தண்ணீரும் போதிய அளவு குடிக்காமல் போனால், குடலடைத்து உயிருக்கே ஆபத்தான வயிற்றுவலி வரக்கூடும். சிறுநீரை உறிஞ்சும் திறனிலும் வைக்கோல் பின்தங்கியே இருக்கிறது. ஈரம் தண்டின்மேல் வழிந்து அடித்தரைக்குப் போய்விடும். இத்தனை குறைகள் இருந்தும் ஓரிடத்தில் வைக்கோலுக்கு நிகர் வேறில்லை. குட்டி ஈனும் அறைக்குச் சுத்தமான, நீண்ட வைக்கோல்தான் வேண்டும். மரச்சீவலும் நார்த்தூளும் ஈரமான குட்டியின் மூக்கிலும் தாயின் புண்பட்ட இடத்திலும் ஒட்டிக்கொள்ளும், வைக்கோல் ஒட்டாது.

மரச்சீவல்தான் நான் அன்றாடம் பயன்படுத்துவது. 12 அடிக்கு 12 அடி அறையில் அரை அடி கனத்துக்குப் போட 72 கன அடி சீவல் வேண்டும். முதல் முறை வாங்கும்போது செலவு மலைக்க வைக்கும், பிறகு எடுத்த ஈரத்துக்கு ஈடாகச் சேர்த்துக்கொண்டு போனால் போதும். சுவரோரம் சற்று உயர்த்திப் போட்டால், உருளும் குதிரை சுவரோடு மாட்டிக்கொண்டு எழ முடியாமல் தவிக்கும் ஆபத்தும் குறையும். சீவலில் ஈரம் பட்ட இடம் நிறம் மாறித் தனியே தெரிவதால், அதை மட்டும் வாரி எடுக்கலாம். காலையில் குதிரையின் விலாவிலும் வாலிலும் சீவல் ஒட்டியிருந்தால் அது இரவு படுத்துத் தூங்கியது என்று மனம் நிம்மதியடையும். அந்த அடையாளத்தை நான் ஒரு நாளும் பார்க்கத் தவறுவதில்லை.

ஆனால் சீவல் எங்கிருந்து வருகிறது என்பதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். தச்சுப்பட்டறை ஒன்றில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதென்று ஒருமுறை மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டேன். மூன்றாம் நாள் எங்கள் செவலைப் பெட்டை பின்னங்காலைத் தரையில் ஊன்றவில்லை. குளம்பைத் தூக்கிப் பார்த்தபோது, அடியில் ஆப்பு வடிவில் இருக்கும் மென்பகுதியின் ஓரத்தில் ஒன்றரை அங்குல ஆணி ஏறியிருந்தது. மருத்துவர் வந்து ஆணியை எடுத்து, ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி போட்டுக் காப்பாற்றினார். ரணஜன்னிக் கிருமிக்குக் குதிரையைப் போல் எளிதில் இரையாகும் வளர்ப்பு விலங்கு வேறில்லை, அந்தக் கிருமி குதிரை லத்தியிலேயே இருக்கிறது என்று அன்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. ஆண்டுதோறும் தடுப்பூசி தவறுவதும் இல்லை. அன்றிலிருந்து, பச்சை மரம் அறுக்கும் மில்லிலிருந்து வரும் சீவலை மட்டுமே வெயிலில் உலர்த்தி, கயிற்றில் கட்டிய காந்தத்தை அதற்குள் இழுத்துப் பார்த்த பிறகே அறைக்குள் போடுகிறேன். ஒட்டுப்பலகை அறுத்த தூளிலும், கரையான் மருந்து ஏற்றிய மரத்தின் தூளிலும் பசையும் நஞ்சும் கலந்திருக்கும். அமெரிக்கக் கருப்பு வால்நட் மரச் சீவலில் நின்ற குதிரைகளுக்கு ஒரே நாளில் குளம்பு அழற்சி வந்துவிடுவது நன்கு அறியப்பட்ட ஒன்று. அந்த மரம் நம் ஊரில் வளர்வதில்லையென்றாலும், எந்த மரமென்று தெரியாத தூளை நம்பக் கூடாது என்பதற்கு அது போதிய சான்று. சீவலைவிட நுண்ணிய மரத்தூள் உறிஞ்சுவதில் சிறந்தது, தூசியில் மோசமானது. மூடிய அறைக்கு அது வேண்டாம்.

தென்னை நார்க்கழிவு, மஞ்சி மில்காரர்கள் பித் என்று சொல்வது, பொள்ளாச்சிப் பக்கம் மலைபோல் குவிந்து கிடக்கிறது. தன் எடையைப்போல் பல மடங்கு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குதிரை அதைத் தின்பதும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சீவல் நான்கு நாளில் சோர்ந்துபோகும் இடத்தில், நார்க்கழிவு அதைவிட நெடுநாள் தாக்குப்பிடிப்பதை நானே பார்த்திருக்கிறேன். இருமலுள்ள குதிரைக்கும், சற்று ஈரப்பதம் குறையாத நார்க்கழிவையே தேர்ந்தெடுப்பேன். நன்றாகக் காய்ந்துவிட்டால் அதுவும் தூசிதான். இதன் பெருங்குறை நிறம். கருப்பழுப்பில் ஈரமும் லத்தியும் கலந்து மறைந்துவிடுவதால், கையுறை போட்டுத் துழாவித்தான் நனைந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பார்த்தால் சுத்தமாகத் தெரியும், அடியில் ஊறிக் கிடக்கும். உப்புநீரில் ஊறவைத்த மட்டையிலிருந்து வந்த கழிவாக இருந்தால் உப்பும் சேர்ந்திருக்கும். கழுவி வடித்த சரக்கைக் கேட்டு வாங்க வேண்டும்.

மணல் வெளியிலுள்ள அடைப்புக்கு நல்லது: நீர் வடியும், உருள்வதற்குக் குதிரைகள் அதையே தேடிப் போகும். அறைக்குள், குறிப்பாகத் தீவனத்தைத் தரையில் போடும் வழக்கம் இருந்தால், மணல் வேண்டவே வேண்டாம். புல்லோடும் கொள்ளோடும் உள்ளே போகும் மணல் பெருங்குடலின் தாழ்ந்த பகுதியில் படிந்து, நாளடைவில் சுவரை உராய்ந்து, கடைசியில் அடைத்துவிடும். சந்தேகம் இருந்தால் தரையில் படாத ஆறேழு லத்தி உருண்டைகளை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, கால்மணி நேரம் அசையாமல் வைத்து, மேல்நீரை மெல்லச் சாய்த்துவிட்டு அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். விரல்நுனியில் நறநறவென்று தட்டுப்பட்டால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒன்றும் தட்டுப்படாவிட்டால் மணலே இல்லையென்று முடிவுகட்டிவிடவும் கூடாது. ஆற்று மணலுக்குப் பதிலாக எம்-சாண்ட் போடுகிறவர்கள், அதன் துகள்கள் கூர்முனை உடையவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ரப்பர் விரிப்பை விற்பவர்கள், இதைப் போட்டுவிட்டால் படுக்கையே தேவையில்லை என்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. ரப்பர் ஈரத்தை உறிஞ்சுவதில்லை. வெறும் ரப்பரின்மேல் குதிரைகள் தயங்கித் தயங்கித்தான் படுக்கின்றன. 4 அடிக்கு 6 அடி, 18 மில்லிமீட்டர் கனமுள்ள விரிப்பு ஒன்று 40 கிலோவுக்கு மேல் இருக்கும். முன்சொன்ன அளவுள்ள அறைக்கு அப்படி 6 வேண்டும். இணைப்புகளின் வழியே அடியில் இறங்கிய சிறுநீரைக் கழுவ அவ்வளவையும் இருவர் சேர்ந்து புரட்ட வேண்டும் என்பதால், பல இடங்களில் அந்த வேலை நடப்பதே இல்லை. ஆயினும் ஏற்கெனவே சிமெண்டுத் தரை போட்டுவிட்டவர்களுக்கு இதுதான் மீட்பு. ரப்பரை அடித்தளமாக்கி, அதன்மேல் நான்கு அங்குலமாவது சீவல் போட்டால் கால் மூட்டுகளும் தப்பும், சீவல் செலவும் குறையும். புதிதாகக் கட்டுகிறவர்கள் சிமெண்டுக்குப் போகாமல், கிராவல் மண்ணைத் திமிசுபோட்டு இறுக்கி, வாசல் பக்கம் சிறு சரிவு கொடுத்து, வெளித்தரையைவிட அரை அடி உயர்த்தினால் மழைக்காலத்துத் தொல்லையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

தினமும் ஈரத்தை வாருவதா, மேலே மேலே போட்டு மாதக்கணக்கில் விட்டு ஒரேயடியாக எடுப்பதா என்பதில், குளிர்நாடுகளில் இரண்டாவதும் நடக்கிறது. அங்கே அந்த அடுக்கின் சூடே பயன். நம் வெப்பத்தில் லத்தியும் சிறுநீரும் கலந்த குப்பை ஒரு வாரம் கிடந்தாலே கடிக்கும் ஈக்கள் அதில் பெருகும். ஆகவே நாள்தோறும் வாருவது தவிர வேறு வழியில்லை.

என் லாயத்தில் இப்போது மூன்று அறைகளில் கிராவல் தரையும் சீவலும், இருமல்காரக் குதிரையின் அறையில் நார்க்கழிவும், ஈனும் காலத்தில் மட்டும் ஓர் அறையில் சம்பா வைக்கோலும் என்று இருக்கிறது. வாரிய கழிவு எங்கே போகிறது என்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். வைக்கோல் கலந்த லத்தியைத் தோட்டக்காரர்கள் கேட்டு வாங்கிப் போகிறார்கள். சீவல் கலந்ததைப் பச்சையாக வயலில் போட்டால், மரம் மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொண்டு பயிர் மஞ்சளாகிவிடும். எளிதில் மட்காத லிக்னின் என்ற மரப்பொருள் மிகுந்த நார்க்கழிவு இன்னும் மெதுவாக மட்கும். அதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது, யூரியாவையும் சிப்பிக்காளான் வித்தையும் அடுக்கடுக்காக இடும் முறை. எங்கள் குழியில் சிறுநீர் ஊறிய கழிவே யூரியாவின் வேலையில் ஒரு பகுதியைச் செய்துவிடுகிறது. மாதம் ஒருமுறை புரட்டி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, நிறம் கருத்துக் கையில் பொடியாக உதிரும்போதுதான் தென்னைக்கு வைக்கிறோம்.