ஸ்பீக்கர் பாக்ஸ் அளவு போட்டுத் தரும் எக்ஸெல் ஷீட்டைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்

அம்பை, சங்கரன்கோவில், வள்ளியூர் வட்டாரத்துச் சவுண்ட் சர்வீஸ் அண்ணாச்சிமாரும் பாக்ஸ் அடிக்கும் ஆசாரிமாரும் பலகையில் ரம்பம் வைக்குமுன் இதைப் படித்துவிடுங்கள்.

கோயில் கொடைத் திருவிழா சீசனைக் குறிவைத்து வாட்ஸ்அப் குரூப்புகளில் ஒரு எக்ஸெல் ஷீட் 1,500 ரூபாய்க்கு விற்கப்படுகிறது. ஸ்பீக்கர் விவரத்தைப் போட்டால் வெட்டும் அளவு வரை வந்துவிடும் என்று சொல்கிறார்கள். பணம் போனதும் கோப்பு வரும். சந்தேகம் கேட்டால் நம்பரை பிளாக் செய்துவிடுவார்கள். எங்கள் வட்டத்தில் வாங்கியவர்கள் அதன்படி 18 இன்ச் பேஸ் பாக்ஸ் நான்குக்குப் பலகை வெட்டினார்கள். முன்பலகை நான்கும் வீணாய்ப் போயின.

காரணம் இதுதான். முன்பலகை ஓட்டைக்கு ஷீட் கொடுத்த அளவு 457 மி.மீ., அதாவது 18 இன்ச்சை அப்படியே மி.மீ. ஆக்கியது. 18 இன்ச் என்பது ஃபிரேமின் வெளி அளவு. ஓட்டை பொதுவாக 420 மி.மீ. பக்கம்தான் வரும், சரியான எண் கம்பெனி டேட்டா ஷீட்டில் இருக்கும். 457 வெட்டினால் போல்ட் போடப் பலகையே மிச்சமில்லை. முன்பலகையின் அகலத்தையும் பாக்ஸின் வெளி அகலமான 60 செ.மீ. என்றே போட்டிருந்தது. 18 மி.மீ. பிளைவுட் பக்கப் பலகை இரண்டுக்கு நடுவே உட்கார வேண்டியது 56.4 செ.மீ.தான்.

இதெல்லாம் கவனக்குறைவு என்றாவது சொல்லலாம். அடுத்தது பச்சை ஏமாற்று. ஸ்பீக்கர் டேட்டா ஷீட்டில் வரும் வி.ஏ.எஸ். (கோன் தொங்கலின் விறைப்புக்கு ஈடான காற்றின் கொள்ளளவு), க்யூ.டி.எஸ். (ஸ்பீக்கரின் அதிர்வு எவ்வளவு கட்டுப்படுகிறது என்ற எண்), எஃப்.எஸ். (ஸ்பீக்கர் இயல்பாக அதிரும் ஹெர்ட்ஸ்) மூன்றுக்கும் மஞ்சள் கட்டம் இருக்கிறது. க்யூ.டி.எஸ். 0.3 போட்டாலும் 0.5 போட்டாலும் பாக்ஸ் அளவு இம்மியும் நகரவில்லை. 12, 15, 18 இன்ச்சுக்கு ஆளுக்கொரு அளவை எழுதிவைத்து, இன்ச்சைப் பார்த்து எடுத்துக் கொடுக்கிறது, அவ்வளவே. பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டியிருப்பதால் உள்ளே எட்டிப்பார்க்க முடியாது. சூத்திரத்தைக் காட்டாத ஷீட்டை நம்பி ஒரு பலகையைக்கூட வெட்டக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

பூட்டிய ஷீட்டையும் சோதிக்க வழி உண்டு. மூடிய (குழாய் இல்லாத) பாக்ஸ் கணக்கில் வி.ஏ.எஸ். 200 லிட்டர், க்யூ.டி.எஸ். 0.4, வேண்டிய க்யூ.டி.சி. (பாக்ஸில் போட்டபின் ஸ்பீக்கருக்கு வரும் க்யூ எண்) 0.707 என்று கொடுங்கள். க்யூ.டி.சி.யை க்யூ.டி.எஸ்.ஸால் வகுத்து, வர்க்கமாக்கி, ஒன்றைக் கழித்து, வி.ஏ.எஸ்.ஸை அதால் வகுத்தால் சுமார் 94 லிட்டர். இந்த எண் வராவிட்டால் ஷீட்டை அழித்துவிடலாம். வி.ஏ.எஸ். கன அடியில் கொடுத்திருந்தால் 28.3-ஆல் பெருக்கி லிட்டராக்கிவிட்டுப் போடுங்கள்.

காற்றுக் குழாய் வைத்த போர்ட் பாக்ஸில்தான் பெரிய நஷ்டம் ஒளிந்திருக்கிறது. ஷீட் சொன்ன வெளி அளவு 60 × 75 × 60 செ.மீ. அதையே பெருக்கி 270 லிட்டர் என்று காட்டுகிறது. பலகைக் கனம் போக உள் அளவு 56.4 × 71.4 × 56.4, வருவது 227 லிட்டர்தான். அதிலும் ஸ்பீக்கர் உடம்புக்கு 8, உள் சட்டங்களுக்கு 6, குழாய்களுக்கு 5 லிட்டர் போனால் நிகரம் சுமார் 208.

குழாய் நீளச் சூத்திரம்: 23,562.5-ஐ குழாயின் உள்விட்ட வர்க்கத்தாலும் குழாய் எண்ணிக்கையாலும் பெருக்குங்கள். அதை, டியூனிங் ஹெர்ட்ஸின் (குழாயும் பாக்ஸ் காற்றும் சேர்ந்து அதிரும் ஹெர்ட்ஸ்) வர்க்கத்தை நிகர லிட்டரால் பெருக்கி வரும் எண்ணால் வகுங்கள். கடைசியில் விட்டத்தின் 0.732 மடங்கைக் கழியுங்கள். விட்டமும் நீளமும் செ.மீ.யில். 160 மி.மீ. பி.வி.சி. குழாய் என்று கடையில் சொல்வது வெளிவிட்டம். உள்ளே கிட்டத்தட்ட 15 செ.மீ. இருக்கும், வெர்னியர் வைத்து அளந்து அந்த எண்ணைப் போடுங்கள்.

இரண்டு குழாய், 40 ஹெர்ட்ஸ், 270 லிட்டர் என்ற கணக்கில் ஷீட் 13.6 செ.மீ. நீளம் கொடுக்கிறது. நிஜத்தில் 208 லிட்டர் இருக்கும் பாக்ஸில் இந்த நீளம் 45.6 ஹெர்ட்ஸில் டியூன் ஆகும். 40-க்கு டியூன் ஆன பாக்ஸ் என்று நம்பி ஹை-பாஸ் ஃபில்டரை (வைத்த எண்ணுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டுவது) 35-இல் வைத்து ஓட்டுவார்கள். 35-க்கும் 45-க்கும் நடுவே போர்ட் கோனைத் தாங்கிப் பிடிக்காது. பாட்டு பேஸ் இறங்கும்போதெல்லாம் கோன் அளவுக்கு மீறி ஆடும், காயில் பின் தட்டில் அடிக்கும், காயிலை நடுவில் தாங்கும் ஸ்பைடர் துணி கிழியும். ராத்திரி முழுக்க ஓடும் கொடையில் ஸ்பீக்கர் போனால் அந்த ஊரில் அடுத்த வருஷ ஆர்டரும் கூடவே போகும்.

இந்தக் கணக்குகளுக்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஒலிப் பொறியாளர்களான நெவில் தீல் 1961-இலும் ரிச்சர்ட் ஸ்மால் 1970-களிலும் எழுதிவைத்த கட்டுரைகளிலிருந்து வந்தவை இவை. பாக்ஸ் கணக்குப் போடும் வின்ஐஎஸ்டி (WinISD) மென்பொருள் இலவசம். உங்கள் ஷீட் சொல்வதை அதோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டி ஏமாந்தவர்கள் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், சாட், கோப்பு மூன்றையும் அழிக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வியாபாரத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு தட்டிக்கழிக்கப் பார்க்கும். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. புகாரிலேயே அதை எழுதிவிடுங்கள்.

பாக்ஸ் அடித்து முடித்தவர்கள் அதை உடைக்க வேண்டாம். மேலே சொன்ன பாக்ஸில் 13.6 செ.மீ. குழாயைக் கழற்றி 21.4 செ.மீ. குழாய் போட்டால் டியூனிங் 40-க்கு இறங்கிவிடும் (நீளக் குழாய் பிடிக்கும் கூடுதல் இடத்தையும் கழித்த கணக்கு இது). பின்பலகைக்கும் குழாய் வாய்க்கும் நடுவே ஒரு விட்ட அளவு, அதாவது 15 செ.மீ.யாவது இடைவெளி வேண்டும். இதில் தாராளமாகவே இருக்கிறது.

பிறகு அளந்து பாருங்கள். ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு, ஆம்ப் வெளியீட்டை 5 வோல்ட் அளவில் வையுங்கள். மொபைல் டோன் ஜெனரேட்டரில் 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே, ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். வோல்ட் இரண்டு இடத்தில் ஏறும். அந்த இரண்டு ஏற்றத்துக்கும் நடுவில் எங்கே மிகக் குறைவாக இறங்குகிறதோ, அதுதான் பாக்ஸின் நிஜ டியூனிங். ஹை-பாஸை அந்த எண்ணைப் பார்த்து வையுங்கள்.