போருக்கு வரைபடம், நம் ஊர்க் கொலைக்கு ஐந்து வரி

நான் சந்தா கட்டிப் படிக்கும் தமிழ்ச் செய்திச் செயலியில் மனமாரப் பாராட்ட வேண்டியது அதன் போர்ப் பக்கம். காஸாவில் எந்த மருத்துவமனை தாக்கப்பட்டது, உக்ரைனில் எந்த ஊரில் மின்சாரம் இல்லை என்று வரைபடத்தோடு விளக்குகிறார்கள். தாம்பரத்திலிருந்து நுங்கம்பாக்கம் வரும் மின்சார ரயிலில் சிக்னல் விட்டுவிட்டு வந்தாலும் பக்கம் சட்டென்று திறந்துவிடுகிறது. 2020 ஜூனில் லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினருடன் நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தபோது, அவர்களில் ஒருவரான ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தாரைப் பற்றி ஊர், குடும்பம், பணிக்காலம் என விரிவாக எழுதியிருந்தார்கள். படித்துவிட்டு அழுதேன்.

குற்றப் பக்கத்துக்கு வந்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. முன்விரோதம், வெட்டிக் கொலை, இருவர் சரண். ஐந்து வரியில் ஓர் ஆயுள் முடிந்துவிடுகிறது. செத்தவர் என்ன வேலை பார்த்தார், வீட்டில் யார் யார் என்று ஒரு சொல் கிடையாது. பரபரப்பான கொலை என்றால் விவாதக் காணொளி ஏறும். உங்கள் ஆட்சியில் எத்தனை, எங்கள் ஆட்சியில் எத்தனை என்று இரண்டு கட்சிக்காரர்கள் சண்டை போடுவார்கள். வள்ளுவர் கோட்டத்தில் போர்நிறுத்தம் கேட்டு அதே கட்சிகள் நடத்தும் ஆர்ப்பாட்டத்தைச் செயலி நேரலையில் காட்டுகிறது. அந்தக் கோரிக்கை நியாயமானது. நானும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன். அங்கே செத்த குழந்தைக்காகக் குரல் உடையப் பேசுகிறவர், இங்கே வெட்டுப்பட்டவனை எதிர்க்கட்சியை அடிக்க மட்டும் எடுப்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2022இல் நாடு முழுவதும் பதிவான கொலை வழக்குகள் 28,522. நாளொன்றுக்குச் சராசரியாக 78. கார்கில் போரில் நாம் இழந்த வீரர்கள் 527 பேர். அந்த எண்ணிக்கையை ஒரே வாரத்தில் தாண்டிவிடுகிறோம். வீரர்களின் சாவைச் சிறிதாக்க இதைச் சொல்லவில்லை. அவர்களுக்காக எழுதிய அதே கை இவர்களுக்காகவும் எழுத வேண்டும் என்கிறேன்.

2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில் கல்லூரி மாணவி ஒருவரை ஓடிவந்த ரயில் முன் தள்ளிக் கொன்றான் ஒருவன். என் மகளும் அதே தடத்தில்தான் கல்லூரிக்குப் போய்வருகிறாள். அந்தச் செய்தியின் கீழிருந்த ‘தொடர்க’ பொத்தானை அன்றே அழுத்திவைத்தேன். 2024 டிசம்பர் இறுதியில் சென்னை மகளிர் நீதிமன்றம் அவனுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. செயலியிலிருந்து எந்த அறிவிப்பும் வரவில்லை. மகளிர் பெட்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் நாளிதழைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

உலகச் செய்திக்காக என்றால் தாராளமாகச் சந்தா கட்டலாம். நம் ஊர் வழக்கு ஒன்றைத் தீர்ப்புவரை பின்தொடர நினைப்பவர்களுக்கு இது உதவாது. குற்றப்பத்திரிகை எப்போது தாக்கலானது, அடுத்த வாய்தா என்றைக்கு, தீர்ப்பு என்ன என்பதைக் கொலைச் செய்தி ஒவ்வொன்றின் கீழும் சேர்க்கச் சொல்லி ஆசிரியர் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். போருக்கு நாள் கணக்கு வைப்பவர்களால் இது முடியும். இப்போதைக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்.