வண்டி ரயிலில் வருகிறது என்றால் உடனே முழுப் பணத்தையும் கட்டிவிடாதீர்கள்

புது கார் புக் செய்துவிட்டுக் காத்திருப்பவர்கள், முழுத் தொகையையும் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தைத் திருக்கடையூரில் நடத்த நாள் குறித்திருந்தோம். அதற்குள் சொந்த வண்டி வாங்கி, இரண்டு பேரையும் அதில் உட்கார வைத்துக் கூட்டிப்போக வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. கோவையில் ஒரு டீலரிடம் 25,000 ரூபாய் கட்டி புக் செய்தேன். குஜராத்தில் தயாராகும் வண்டி, ஆறு வாரத்தில் வந்துவிடும் என்றார்கள்.

ஐந்தாவது வாரம் சேல்ஸ் ஆள் போன் செய்தார். "சார், உங்க வண்டி ரேக்ல ஏறிடுச்சு. இன்னைக்கே ஃபுல் பேமென்ட் போட்டுடுங்க, இல்லேன்னா அடுத்த கஸ்டமருக்குப் போயிடும்." வண்டியில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பரைக் கேட்டேன். அது பில் போடும்போதுதான் வரும் என்று சொல்லிவிட்டு, 11 இலக்க எஃப்.என்.ஆர். எண் ஒன்றை அனுப்பினார். ரயில்வேயின் சரக்கு இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் ரேக், அதாவது கார்களை ஏற்றிவரும் சரக்கு ரயில், எங்கே இருக்கிறது என்று காட்டும். போட்டுப் பார்த்தேன், சூரத் பக்கம் வந்துகொண்டிருந்தது. அதை நம்பிக் கையில் இருந்ததைக் கட்டினேன். வங்கியிடம் சொல்லி லோன் தொகையையும் டீலருக்கு அனுப்ப வைத்தேன்.

அப்புறம் தினமும் காலையில் அப்பாவும் நானும் செல்போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். சோலாப்பூர், குண்டக்கல், ரேணிகுண்டா. சென்னைக்குப் பக்கத்தில் ரேக் காலியானதாகக் காட்டிய அன்று அம்மா கேசரி கிளறினார்.

அதோடு சரி. யார்டில் இருக்கிறது, டிரெய்லர் கிடைக்கவில்லை, சர்வர் வேலை செய்யவில்லை என்று நாளுக்கொரு பதில். பதினைந்து நாள் இப்படியே போனது. முதல் இ.எம்.ஐ. பிடித்த அன்று பொறுக்க முடியாமல் கார் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு போன் செய்து புக்கிங் எண்ணைச் சொன்னேன். இந்த புக்கிங்குக்கு இன்னும் வண்டியே ஒதுக்கவில்லை என்றார்கள்.

எஃப்.என்.ஆர். என்பது ரயில்வே சரக்குக்குத் தரும் எண். ஒரு ரேக்கில் நூற்றுக்கும் மேல் கார்கள் வரும், இரண்டடுக்கு வேகன்களாக இருந்தால் இன்னும் அதிகம். ரயில் எங்கே நிற்கிறது என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்லும். உள்ளே இருப்பதில் எது யாருடைய வண்டி என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. உங்கள் வண்டிக்கு அடையாளம் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சேஸிஸ் நம்பர் ஒன்றுதான். எனக்குக் கொடுத்தது அதே டீலருக்கு வேறு கார்கள் வந்த ரேக்கின் எண். மேலாளர் அதை ஒப்புக்கொண்டார். "அதுல உங்களுதும் இருக்கும்னு நினைச்சோம் சார்" என்றார். நினைத்ததற்கா என்னிடம் ஒன்பது லட்சத்துக்கு மேல் வாங்கினார்கள்?

திருக்கடையூருக்கு வாடகை வண்டியில்தான் போனோம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

கார் வந்தபோது ஃபார்ம் 21 விற்பனைச் சான்றிதழில் தயாரித்த மாதத்தைப் பார்த்தேன். நாங்கள் ரேணிகுண்டா வரை பார்த்துக்கொண்டிருந்த அந்த ரேக் வந்ததற்கு அடுத்த மாதம். அப்போது என் வண்டி தயாராகவே இல்லை!

எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சேஸிஸ் நம்பர் போட்ட புரோஃபார்மா இன்வாய்ஸ் (இறுதி பில்லுக்கு முன் தரும் விலைச் சீட்டு) எழுத்தில் வரும்வரை முன்பணத்துக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். முடிந்தால் யார்டுக்கே போய் அந்த நம்பரை வண்டியில் ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவரை லோனை விடுவிக்க வேண்டாம் என்று வங்கியிடம் எழுதிக் கொடுங்கள், பணம் டீலர் கைக்குப் போன நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். சேல்ஸ் ஆள் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள்.

அந்த வட்டியைத் திருப்பிக் கேட்டேன், டீலர் மறுத்துவிட்டார். சீட் கவர் இலவசமாகப் போட்டுத் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவும் தயாராகிறது.