பழுக்கும் முன்னே உறை: வீட்டுப் பழமரங்களில் பல பருவங்கள் பயன்படுத்திப் பார்த்தவை

கொய்யா, மா, சீத்தா, அத்தி, மாதுளை என்று வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் மரங்களுக்காக வலை, பை, தகரப் பட்டை, மினுமினுப்பு ரிப்பன், பொறி, மனிதக் காதுக்கு எட்டாத ஒலி எழுப்பி விரட்டும் மீயொலிக் கருவி எல்லாவற்றையும் பல பருவங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். விரட்டும் பொருள் எதுவும் பழம் பழுத்து முடியும்வரை தாக்குப்பிடிக்கவில்லை; மறைக்கிற, தடுக்கிற பொருள்கள்தான் நின்றன. எல்லாவற்றையும்விட அதிகமாகப் பழத்தைக் காப்பாற்றியது ஒரு செலவில்லாத காரியம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எதை வாங்குவதற்கு முன்பும், பழத்தைத் தின்றது யார் என்று பார்த்துவிடுங்கள். பறவை கொத்தினால், பழத்தின் வெளிப்பக்கத்தில், பெரும்பாலும் மேல்பாகத்தில், கூம்பு வடிவில் குழி இருக்கும். அணில் பகலில் வரும். பல் தடம் இரண்டிரண்டாகத் தெரியும், பாதி தின்ற பழம் காம்பிலேயே தொங்கும். எலி இரவில் வந்து உள்ளே குடைந்துவிட்டுத் தோலைக் கூடாக விட்டுப்போகும். வௌவால் பழத்தையே தூக்கிக்கொண்டு போய்விடும். சற்றுத் தள்ளி ஒரு கிளைக்கு அடியில் சாறு உறிஞ்சித் துப்பிய சக்கை கிடந்தால் அது வௌவால்தான். ஊசி குத்தியது போன்ற புள்ளியும் அதைச் சுற்றி மெத்தென்று அமுங்கும் தோலும் இருந்தால் பழ ஈயாகவோ, இரவில் பழத்தில் குழல் நுழைத்துச் சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சியாகவோ இருக்கும். ஈ என்றால் நறுக்கும்போது உள்ளே புழு நெளியும். அந்து என்றால் புழு இருக்காது. அமுக்கினால் அந்தத் துளை வழியே சாறு கசியும். ஆளைத் தெரியாமல் வலை கட்டினால் வலைக்குள்ளேயே பழம் புழுத்துப்போகும்.

விரட்டும் சாமான்களை வேகமாகக் கடந்துவிடுவோம். பழைய சிடி, பளபளக்கும் ரிப்பன், பிளாஸ்டிக் ஆந்தை, ரப்பர் பாம்பு ஆகியவற்றுக்குச் சில நாள் மரியாதை உண்டு. அப்புறம் மைனா ஆந்தையின் தலைமேலேயே உட்காரும். தினமும் இடம் மாற்றினால் கொஞ்சம் கூடுதலாக ஏமாற்றலாம், அவ்வளவுதான். மீயொலிக் கருவி பறவைகளுக்குச் சுத்தமாகப் பயன்படாது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அந்த அதிர்வெண் காதிலேயே விழாது. எலிக்குக் கேட்கும், ஆனால் பழகிவிடும். இந்தக் கருவிகளைப் பற்றிச் செய்யும் விளம்பரங்களுக்கு ஆதாரம் வேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2001-ஆம் ஆண்டிலேயே 60-க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. கருவிகள் இன்னும் விற்கின்றன.

மிளகாய்க் கரைசலில் ஒரு வேடிக்கை உண்டு. காரத்துக்குக் காரணமான கேப்சைசின் பாலூட்டிகளின் வாயைத்தான் எரிக்கும். பறவைகளின் நரம்பு அதைக் காரமாக உணர்வதில்லை. ஆகவே அணிலும் எலியும் கொஞ்சம் தயங்கும், கிளி நிம்மதியாகத் தின்னும். மழை பெய்தாலோ பனி இறங்கினாலோ மறுபடி தெளிக்க வேண்டும். பறித்த பழத்தைக் கழுவாமல் கடித்தால் எரிவது நம் வாய்தான். நான் விட்டுவிட்டேன்.

வலை நிஜமாகவே வேலை செய்யும், ஆனால் எந்த வலை என்பது முக்கியம். மலிவாகக் கிடைக்கும் மெல்லிய நைலான் இழை வலை, கண் பெரிதாக, தளர்வாகத் தொங்குவது, மரத்துக்குக் காவல் அல்ல, பறவைக்குப் பொறி. சிறகோ காலோ சிக்கினால் அது தப்புவது கஷ்டம். தரையில் கிடக்கும் பகுதியில் பாம்பு சிக்கும், அதை விடுவிப்பதை யாரும் விரும்பமாட்டார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021 செப்டம்பர் முதல் வீட்டுப் பழமர வலையின் கண், முழுதாக இழுத்த நிலையில் 5 மில்லிமீட்டருக்குமேல் இருக்கக்கூடாது என்று விதியே இருக்கிறது. உங்கள் சுண்டுவிரல் நுழையும் வலையை வாங்காதீர்கள். நெருக்கமாக நெய்த, வெள்ளை நிற வலை இரவில் வௌவாலுக்கும் கண்ணில் படும்.

மரத்தின்மேல் அப்படியே போர்த்தினால் வலையோடு ஒட்டியிருக்கும் பழத்தைப் பறவை வெளியில் உட்கார்ந்தே கொத்திவிடும். குழாயாலோ மூங்கிலாலோ சட்டம் கட்டி, வலை பழத்தில் படாமல் விறைப்பாக இழுத்து, அடியை மரத்தண்டோடு சேர்த்துக் கட்ட வேண்டும். பூக்கும்போது கட்டினால் தேனீ உள்ளே வராது, பிஞ்சு பிடித்தபிறகே கட்டுங்கள். ஆளுயரத்துக்குக் கவாத்து செய்து வைத்திருக்கும் அத்திக்கும் கொய்யாவுக்கும் இது நன்றாகப் பொருந்துகிறது. உயரமான மாமரத்துக்கு இதையெல்லாம் யோசிக்கவே வேண்டாம். எலி எந்தப் பிளாஸ்டிக் வலையையும் கடித்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பழத்துக்குப் பை கட்டுவது. சோம்பேறிகளுக்கு ஏற்ற வேலை இல்லை, காய்க்கு ஒன்றாகக் கட்ட வேண்டும். ஆனால் பழ ஈக்கு இதைவிட நிச்சயமான மருந்தை நான் பார்க்கவில்லை. பாலித்தீன் பையில் காய் வியர்க்கும், ஈரம் தேங்கிப் பூசணம் பிடிக்கும். செய்தித்தாள் உறை இலவசம், மழையில் கிழியும். தையல் கடைகளில் பரிசுப்பொருள் போடுவதற்கு வைத்திருக்கும் ஆர்கன்சாப் பை காற்றோட்டமானது, உள்ளே பழுத்ததா என்று பார்க்கலாம்; ஆனால் துணி பழத்தோடு ஒட்டும் இடத்தில் ஈ அந்த மெல்லிய துணி வழியாகவே முட்டை வைக்க வாய்ப்பு உண்டு, ஆகவே தளர்வான பெரிய பையாக வேண்டும். என் தேர்வு நெய்யாத துணிப் பை, நான்-ஓவன் என்று கேட்டால் தருவார்கள். மழை தாங்குகிறது, மூச்சும் விடுகிறது, துவைத்து மறுபடி பயன்படுத்தலாம். வெயிலில் நைந்து போவதால் சில பருவங்களுக்குமேல் எதிர்பார்க்க முடியாது.

எப்போது கட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தோல் நிறம் மாறத் தொடங்கியபிறகு கட்டினால் ஈ ஏற்கெனவே முட்டை வைத்துவிட்டிருக்கும். நாம் புழுவுக்கு வீடு கட்டிக்கொடுத்ததாகிவிடும். கொய்யாவை எலுமிச்சை அளவு வரும்போது, காய் இன்னும் கெட்டியாகப் பச்சையாக இருக்கையில் கட்டுகிறேன். கட்டுமுன் காம்படியில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பைக்குள் அது பெருகும், எறும்பு வந்து காவல் நிற்கும். வாயை மெல்லிய காம்பில் கட்டாமல் அதைத் தாங்கும் கிளையோடு சேர்த்துக் கட்டினால் காற்றில் காய் உதிராது. பைமேல் கட்டிய தேதியை எழுதி வையுங்கள். உறைக்குள் வளரும் காய்க்குத் தோல் வெளுத்து வழுவழுப்பாக இருக்கும், சுவையில் எனக்குக் குறை தெரியவில்லை.

அணிலும் எலியும் துணிப் பையைக் கிழிக்கும். அவை அதிகமுள்ள மரத்தில், நல்ல காய்களுக்கு மட்டும் அரை அங்குலக் கண் கொண்ட இரும்பு வலையில் சிறு கூண்டு செய்து பைமேல் மாட்டுகிறேன். வேலை அதிகம், ஆனால் அதைக் கடித்து உள்ளே போனதை நான் பார்த்ததில்லை.

பழ ஈக்கு மெத்தில் யூஜினால் என்ற மணப்பொருள் வைத்த இனக்கவர்ச்சிப் பொறியும் தொங்கவிட்டிருக்கிறேன். பாட்டில் நிறைய ஈ விழும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். விழுவதெல்லாம் ஆண் ஈ. வேறு இடத்தில் இணைசேர்ந்து வரும் பெண் ஈயை அது தடுக்காது. ஆகவே ஒற்றை மரத்துக்கு இது காவல் இல்லை, ஈ நடமாட்டம் எப்போது கூடுகிறது என்று சொல்லும் மணி என்று வைத்துக்கொள்ளலாம். அதைவிட உதிர்ந்த பழத்தை அன்றன்றே பொறுக்குவது பலன் தரும். பழத்துக்குள் வளர்ந்த புழு மண்ணில் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகிறது. பொறுக்கியதை உரக்குழியில் போடாமல், கறுப்புப் பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் சில நாள் வைத்தால் உள்ளே இருப்பது வெந்துவிடும்.

தண்டில் தகரப் பட்டை சுற்றுவதும் பழைய, நல்ல யோசனை. இரண்டடி அகலத் தகரம், தரையிலிருந்து மூன்றடிக்குமேல், மரம் பருக்க இடம் விட்டுச் சுற்ற வேண்டும். எலிக்குப் பிடிமானம் கிடைக்காது. ஆனால் மதில், கூரை, மின்கம்பி, பக்கத்து மரம் என்று ஏதாவது ஒன்று கிளையைத் தொட்டுக்கொண்டிருந்தால் பட்டை வெறும் அலங்காரம். அணிலுக்கு ஆறேழு அடி இடைவெளியாவது வேண்டும். விஷம் வைப்பதில்லை என்பதில் நான் பிடிவாதம். ரத்தம் உறையாமல் செய்யும் எலி மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது, அதைப் பிடித்துத் தின்னும் ஆந்தையும் பூனையும் சேர்ந்து சாகும். எலியைக் குறைக்க ஆந்தையைவிட நல்ல ஆள் உண்டா?

வௌவாலிடம் பை ஓரளவு, விறைத்த வலை நன்றாக வேலை செய்கிறது. பல் தடமுள்ள பழத்தைக் கடித்த பாகத்தை வெட்டிவிட்டுச் சாப்பிடாதீர்கள், முழுசாகத் தூக்கிப் போடுங்கள். நிபா வைரஸ் பழந்தின்னி வௌவால்களிடம் இயல்பாக இருப்பது.

சரி, அந்தச் செலவில்லாத காரியம்: முன்னதாகப் பறிப்பது. மா, கொய்யா, சீத்தா, சப்போட்டா, பப்பாளி, வாழை எல்லாம் முற்றிய காயாகப் பறித்தாலும் பழுக்கும். நிறம் திரும்பும்போதுதான் மரத்தில் மணம் கிளம்பி எல்லோருக்கும் செய்தி போகிறது, அதற்குள் எடுத்துவிட வேண்டும். கொய்யாவின் கரும்பச்சை வெளிறத் தொடங்கும் நாள், சீத்தாவின் கண்களுக்கிடையே மஞ்சள் தெரியும் நாள், மாங்காயின் தோள் காம்பைவிட மேலே புடைத்து நிற்கும் நாள். ஓரிரு நாள் முன்னே பறிப்பதால் இனிப்பு கொஞ்சம் குறையலாம். பாதி பழத்தைவிட அது மேல். அத்திக்கு இது சரிவராது, மரத்தில் குழையவிட்டுத்தான் எடுக்க வேண்டும், அதனால்தான் என் சட்ட வலை அத்தியின்மேல் நிற்கிறது.

மாதுளையும் பறித்தபின் இனிக்காது. அதோடு அதன் காயைக் குடையும் புழுவான துளைப்பான், வளர்ந்ததும் நம் கண்ணுக்கு அழகான வண்ணத்துப்பூச்சியாக வந்து, பூவிலும் பிஞ்சின் நுனியில் கிரீடம் போல நிற்கும் புல்லி இதழ்க் கிண்ணத்திலும் முட்டை வைத்துப்போகும். கொய்யாவைப் போல எலுமிச்சை அளவு வரும்வரை காத்திருந்தால் காரியம் கெட்டது. இப்போது பிஞ்சு பிடித்ததும் அந்தக் கிண்ணத்தின் விளிம்பைக் கத்தரித்துவிட்டு உடனே பை கட்டுகிறேன். முந்தைய பருவங்களைவிடத் துளை குறைந்திருக்கிறது. முழுக்க நிற்கவில்லை.