கார்டு மதிப்பீடு சொல்லிக் காசு வாங்கும் குழுக்களிடம் கவனமாக இருங்கள்

டிஜிட்டல் கார்டு விளையாட்டுகளில் கார்டு வாங்கி விற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாதச் சந்தா வாங்கிக்கொண்டு, எந்தக் கார்டு ஏறும், எது இறங்கும் என்று சொல்லும் குழு ஒன்றில் சேர்ந்திருந்தேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக்கே வேறு பெயரில் கடை திறப்பார்கள். அவர்கள் ஏமாற்றும் விதம் தெரிந்தால் போதும்.

புதிய கார்டுத் தொகுப்பு வெளியான சில நாட்களில், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒரு கார்டைக் குழுவில் தூக்கிப் பிடித்தார்கள். ஆட்டத்துக்குள் அதிகச் செலவு செய்து களத்தில் இறக்க வேண்டிய பெரிய கார்டு. "68 சதவீத வெற்றி விகிதம், விலை மூன்று மடங்காகும், இப்போதே வாங்குங்கள்" என்று அறிவிப்பு. கூடவே விலை ஏறுவதைக் காட்டும் படம். ஒரு டெக்கில், அதாவது ஆட்டத்துக்கு எடுத்துச் செல்லும் கார்டுக் கட்டில், வைக்கக்கூடிய நான்கு பிரதிகளையும் வாங்கினேன். விலை ஏறியது உண்மைதான். ஆனால் விற்கப் போனால் வாங்க ஆளே இல்லை. சீக்கிரமே கால்வாசி விலைக்கு வந்து நின்றது. அப்புறம்தான் தெரிந்தது, எனக்கு விற்ற கணக்கே குழுவை நடத்துபவருடையது என்று. அவர் முன்பு பகிர்ந்த ஒரு டெக் படத்தின் மூலையில் அந்தக் கணக்கின் பெயர் அப்படியே இருந்தது.

அந்த 68 சதவீதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தந்திரமே அங்கேதான் இருக்கிறது. எத்தனை ஆட்டங்கள் என்று துருவிக் கேட்டபோது, 25 ஆட்டங்களில் 17 வெற்றி என்றார்கள். இவ்வளவு குறைந்த ஆட்டங்களில் வரும் விகிதத்துக்குப் பிழை வரம்பு ஏறக்குறைய 18 புள்ளிகள். அதாவது உண்மையான விகிதம் 50 ஆகவும் இருக்கலாம், 86 ஆகவும் இருக்கலாம். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

அதைவிட மோசம், அது "கார்டை இறக்கிய ஆட்டங்களில்" வந்த விகிதம். செலவு அதிகமான கார்டை இறக்க வேண்டுமென்றால் ஆட்டத்தின் பின்பகுதி வரை நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும். பெரும்பாலும் ஏற்கெனவே முன்னிலையில் இருக்கும்போதுதான் அது களத்துக்கு வரும். கையிலேயே கிடந்து தோற்ற ஆட்டங்கள் கணக்கில் வருவதே இல்லை. பார்க்க வேண்டியது, கார்டு கைக்கு வந்த எல்லா ஆட்டங்களின் வெற்றி விகிதம். அதையும் அதே டெக்கின் மொத்த விகிதத்தோடு ஒப்பிட வேண்டும். டெக்கே 60 சதவீதம் ஜெயிக்கிறது, கார்டு கைக்கு வந்தால் 57 என்றால், அந்தக் கார்டு டெக்குக்குச் சுமை. இந்த இரண்டு எண்களையும் கேட்டேன். பதில் வரவில்லை. நல்ல கார்டு என்பது பின்தங்கியிருக்கும்போதும் ஏதாவது செய்யும். இது ஜெயிக்கிற ஆட்டத்தை இன்னும் பெரிதாக ஜெயிக்க மட்டுமே உதவியது.

சரி, விலை ஏறியதே, அது எப்படி? படத்தில் இருந்தது கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. சந்தையில் பத்துப் பதினைந்து பிரதிகள்தான் இருக்கின்றன என்றால், மலிவானவற்றை ஒருவரே அள்ளிவிட்டால் போதும், மீதி இருப்பதன் விலைதான் "சந்தை விலை" என்று தெரியும். இரண்டு கணக்குகளை வைத்துத் தனக்குத்தானே விற்றால் விற்பனை வரலாறும் கிடைத்துவிடும். மேஜிக் கார்டு விளையாட்டின் இணைய வடிவமான மேஜிக் ஆன்லைனில் வியாபாரம் செய்யும் பாட்கள் (தானியங்கிக் கணக்குகள்) ஒரு கார்டுக்குத் தாங்கள் வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் காட்டும். உங்கள் கார்டின் மதிப்பு அந்த வாங்கும் விலைதான். இரண்டுக்கும் நடுவே இடைவெளி அகலமாக இருந்தால், அந்தக் கார்டை நம்பி யாரும் பணம் போடவில்லை என்று பொருள். விற்பனைக் கட்டணம் பிடிக்கும் சந்தையாக இருந்தால் அதையும் கழித்துப் பாருங்கள்.

குழு வாய் திறக்காத இன்னொரு விஷயம், விளையாட்டை நடத்தும் நிறுவனம் கார்டை மாற்றினால் என்ன ஆகும் என்பது. ஓகோ என்ற மேஜிக் கார்டு 2019 அக்டோபரில் வெளியானது. நவம்பரிலேயே, அண்மைத் தொகுப்புகளை மட்டும் அனுமதிக்கும் ஸ்டாண்டர்ட் போட்டி வடிவத்தில் தடை செய்யப்பட்டது. கார்டுகளை வீரர்களுக்குள் விற்க முடியாத மேஜிக் அரீனாவில் வைத்திருந்தவர்களுக்கு, வேறு கார்டாக மாற்றிக்கொள்ளக்கூடிய வைல்ட்கார்டு ஈடாகக் கிடைத்தது. வீரர்களுக்குள் விற்று வாங்கும் மேஜிக் ஆன்லைனில் அப்படி ஈடு எதுவும் கிடையாது. வீரர்களுக்குள் விற்பனையே இல்லாத ஹார்த்ஸ்டோன் விளையாட்டில், மிக அரிய வகையான லெஜண்டரியின் சாதாரணப் பிரதி ஒன்றை உருவாக்க 1600 டஸ்ட் (கார்டு உருவாக்கப் பயன்படும் ஆட்ட நாணயம்), உடைத்தால் 400தான். ஆனால் நிறுவனம் கார்டை நெர்ஃப் செய்தால், அதாவது பலவீனமாக்கினால், சில நாட்களுக்கு முழு டஸ்டும் திரும்ப வரும். ஆகவே அங்கே வலுவான கார்டை உருவாக்குவதில் ஆபத்து குறைவு. பரிமாற்றச் சந்தை உள்ள இடத்தில் வலுவான கார்டுதான் அதிக ஆபத்து, ஏனென்றால் முதலில் வெட்டு விழுவது அதன் மேல்தான்.

வால்வ் நிறுவனத்தின் ஆர்டிஃபாக்ட் கார்டு விளையாட்டு நினைவிருக்கிறதா? 2018 நவம்பரில் வந்தது, வால்வின் ஸ்டீம் இணையச் சந்தையில் கார்டு வியாபாரம். தொடக்கத்தில் விலை உயர்ந்த ஆக்ஸ் கார்டு டிசம்பரிலேயே பலவீனமாக்கப்பட்டது. 2021 மார்ச்சில் வால்வ் மேம்பாட்டையே நிறுத்தி, எல்லாக் கார்டுகளையும் எல்லோருக்கும் இலவசமாக்கியது. எவ்வளவு கூர்மையாகக் கார்டை எடைபோட்டிருந்தாலும் அந்த முடிவுக்கு முன்னால் ஒன்றும் நிற்காது.

இந்தக் கேள்விகளையெல்லாம் குழுவில் வைத்தபோது, சந்தா விதிமுறைகளின் கடைசியில் "பொழுதுபோக்குக்கான கருத்து மட்டுமே" என்று ஒரு வரி இருப்பதைக் காட்டினார்கள். கணக்குப் பெயர் தெரியும் அந்தப் படத்தைப் போட்டதும் என்னை வெளியேற்றிவிட்டார்கள். விளையாட்டின் உதவிப் பிரிவும், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பரிமாற்றத்தைத் திருப்ப முடியாது என்று சொல்லிவிட்டது. சந்தாத் தொகை மட்டும், பணம் செலுத்திய வழியில் முறையிட்டதால் திரும்பி வந்தது. நீங்களும் இப்படிச் சிக்கியிருந்தால், முறையிடும் முன் பரிமாற்ற வரலாறு, அறிவிப்பு வந்த நேரம், விற்ற கணக்கின் பெயர் மூன்றையும் படமெடுத்து வையுங்கள். குழுவிலிருந்து நீக்கிவிட்டால் பழைய அறிவிப்புகள் எதுவும் கண்ணில் படாது. இப்போது அவர்கள், பழைய தொகுப்புகளைப் போட்டியிலிருந்து விலக்கும் அடுத்த சுழற்சியில் வெளியேறப்போகும் ஒரு கார்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள் என்று உள்ளே இருக்கும் நண்பர் சொல்கிறார்.